திரைப்படம் யாருடைய பொருள்?

(கல்கிசையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



1947ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21ஆந் திகதி, கொட்டாஞ்சேனைக் கிங்ஸ்லி தியேட்டரிலே, சிங்கள மொழி பேசிய முதற் படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’ திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், அது படமாக்கப்பட்ட இடம் மதுரையிலிருந்த சித்திரகலா மூவிடோன், நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்னும் இந்தியர், கதையோ, பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்ன அவர்கள் எழுதி, தமது மினர்வா நாடகக் குழுவினரைக் கொண்டு மேடையேற்றிப் புகழ்பெற்ற நாடகம். கதாநாயகியாய் நடித்தவர் ருக்மணிதேவி. நாடகாசிரியரும், முதலிட்டவரும், நெறியாளரும், நடிகரும், பாடகரும், ஒளிப்பதிவாளரும், கலையகத்துத் தொழிலாளரும் தத்தம் திறமையை ஈந்து, அவையனைத்தும் பிரித்தறிய முடியாதபடி கலந்து பிறந்த அந்தச் சிருஷ்டி யாருக்குச் சொந்தம்? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் எவ்வாறு விடை கூறுகின்றது, அவ்விடை நம்மவர் கலைக்கு எவ்வளவு தூரம் காப்பாக அமைகின்றது, அக்காப்புப் போதாதவிடத்து நாம் ஆற்றவேண்டிய கடமை யாது என்பனவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் விடயங்கள்.

அந்தப் படம் திரைக்கு வந்த நாளிலே, திரைப்படம் என்றொரு தனிப்படைப்பை இந்நாட்டுச் சட்டம் அறிந்திருக்கவில்லை. அப்போதும், பின்னர் 1979 வரையும், இங்கே நடைமுறையிலிருந்தது பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமேயாகும். அச்சட்டத்தின் கண்ணுக்குத் திரைப்படச் சுருள் என்பது பல்லாயிரம் நிழற்படங்களின் கோவை. ஒவ்வொரு நிழற்படத்துக்கும் மூலப்பிரதி எடுக்கப்பட்ட நாள் முதலாக 50 ஆண்டுகள் காப்பு உண்டு. காட்சிகளின் ஒழுங்கிலோ நடிப்பின் அமைப்பிலோ சம்பவங்களின் சேர்க்கையிலோ சுயமான தன்மை ஒன்று காணப்படுமாயின் மாத்திரமே, அது நாடகப் படைப்பாகவும் கொள்ளப்பட்டு, ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்கப்பால் 50 ஆண்டுகளுக்கும் காக்கப்பட்டது. ஆகவே ஒரு தேர்த்திருவிழாவை நடந்தது நடந்தபடியே படம்பிடித்தவருக்கு நிழற்படக்காரரின் உரிமையன்றி வேறொன்றும் கிடைப்பது அரிதாயிருந்தது. உலகெங்கும் ஆரம்பத்தில் நிலைமை இதுதான். அமெரிக்காவிலே எடிசனின் கலையகத்தார், ஒருவர் தும்முவதைக் காட்டும் சில விநாடிப் படத்தை 1894இல் பதிவு செய்தபோது, அதனை நிழற்படமாகவே பதிவு செய்தனர். 1908இல் பேர்லின் நகரில் திருத்தப்பட்ட பேர்ண் சமவாயமே திரைப்படைப்புகளைச் சர்வதேசக் காப்பினுள் முதன்முதலாகக் கொண்டுவந்தது. சுதந்திர இலங்கை 1959இல் அச்சமவாயத்தில் சேர்ந்தது. 1979இல் தனக்கெனப் புலமைச் சொத்துக் கோவையொன்றை இயற்றிக்கொண்டது. இன்று நம்மை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்.

இச்சட்டம் ‘கட்புல செவிப்புலப் படைப்பு’ என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தைச் சற்று நின்று நோக்குவோம். ஒன்றோடொன்று தொடர்புடைய உருவங்களின் வரிசையாக அது அமைதல் வேண்டும். அவ்வரிசை அசைவுத் தோற்றத்தை நம் மனத்தில் உண்டாக்குதல் வேண்டும். ஒலி உடனிருக்கலாம், இல்லாமலும் போகலாம். தகுந்த கருவிகொண்டு அதனைக் காணத்தக்கதாகவும், ஒலி இருப்பின் கேட்கத்தக்கதாகவும் செய்ய இயலுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் கருவியின் பெயரைச் சொல்லவில்லை என்பதே இங்கு விசேஷமானது. 1962இல் 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்ட, ஈழத்தின் முதற் தமிழ்ப் படமாகிய ‘சமுதாயம்’, அதனைத் தொடர்ந்து 35 மில்லிமீற்றரில் வந்த ‘தோட்டக்காரி’, எண்பதுகளில் வீடுகள்தோறும் ஓடிய வீடியோக் கசெற், இன்று ஒரு மாணவி தன் கைப்பேசியிலே எடுக்கும் ஐந்து நிமிடக் குறும்படம் ஆகிய யாவும் இவ்வொரே இலக்கணத்துள் அடங்குகின்றன. ஆனால் ஒரு கல்யாண அல்பத்தின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாய்த் திரையில் நிறுத்திக் காட்டினால், அவை அசையாத நிழற்படங்களாகவே சட்டத்தின் முன் நிற்கும்.

அன்றியும், இச்சட்டம் படைப்பின் உள்ளடக்கத்தையோ தரத்தையோ நோக்கத்தையோ ஆராய்வதில்லை. பதிவு செய்யவேண்டும் என்னும் நிபந்தனையும் இல்லை; படைக்கப்பட்டது என்னும் ஒரே காரணத்தால், அக்கணமே காப்புப் பிறந்துவிடுகின்றது. புத்தாக்க உரிமையையும் வர்த்தகக் குறியையும் பதிவு செய்வதுபோல, இதற்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திற் சான்றிதழ் பெறவேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருப்பது தவறான அபிப்பிராயம்.

எனினும், காக்கப்படுவது வெளிப்பாடேயன்றிக் கருத்தன்று. தோட்டத் தொழிலாளியின் மகளைத் துரையின் மகன் காதலித்தான் என்னும் கருத்தை எவரும் தமது பிதிரார்ச்சிதம் என்று வேலியடைத்துக்கொள்ள முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கிலே இதனைத் தெளிவுற விளக்கியது. ஆனந்த் அவர்கள் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்னும் நாடகத்தைத் தழுவியே ‘நியூ டெல்லி’ என்னும் திரைப்படம் எடுக்கப்பட்டது என்பது முறைப்பாடு. மாகாண வேற்றுமையுணர்ச்சி என்னும் பொருள் இரண்டிலும் உண்டாயினும், அதனை வளர்த்த விதமும் வெளியிட்ட முறையும் வேறு என்று கண்ட நீதிமன்றம், இரண்டையும் கண்ட சாதாரண பார்வையாளர் ஒருவரின் மனத்தில் ‘இது அதன் பிரதியே’ என்னும் ஐயமற்ற எண்ணம் எழுகின்றதா என்பதையே உரைகல்லாக வைத்தது. இங்கிலாந்திலும், ஒரு நடனக் குறும்படத்திற் கையாளப்பட்ட படத்தொகுப்பு உத்தியைப் பின்பற்றி மதுபான விளம்பரம் ஒன்று எடுக்கப்பட்டபோது, திரைப்படம் நாடகப் படைப்பாகவும் கருதப்படலாம் என்று 1999இல் ஏற்றுக்கொண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், உத்திக்கும் பாணிக்கும் எவரும் உரிமை கொண்டாட முடியாது என்றே தீர்த்தது. இளைஞர்களே, ஒரு நெறியாளரின் பாணி உங்களை ஆட்கொண்டால் அதனைக் கற்றுக்கொள்ளுங்கள், அது குற்றமன்று. அவருடைய காட்சியையும் வசனத்தையும் எடுத்துக்கொள்வதே குற்றம்.

இனி உடைமையைப் பற்றிப் பேசுவோம். கண்முன் நிகழ்வதையே உதாரணமாகக் கொள்ளலாம். இந்த மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து ஒருவர் என் பேச்சைக் கைப்பேசியில் வீடியோவாகப் பதிவு செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். சொற்பொழிவும் பிரசங்கமும் எழுத்தில் வராதபோதும் தனிப் படைப்புகள் என்று சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகின்றமையால், என் சொற்கள் என்னுடையவை. அவர் எடுத்த வீடியோவோ வேறொரு படைப்பு; அதனை எடுக்க முனைந்து, அதன் பொறுப்பை ஏற்றவர் என்னும் வகையில் அவரே அதன் தயாரிப்பாளர். என் அனுமதியின்றி அவர் அதனை விற்க முடியாது. அவர் அனுமதியின்றி நானும் அவருடைய வீடியோவை எடுத்து வெளியிட முடியாது. ஒரு சாதாரணப் பேச்சிலேயே இவ்விதம் உரிமைகள் அடுக்கடுக்காய் அமையுமாயின், நூறு பேர் கூடிப் படைக்கும் திரைப்படத்திலே எத்தனை அடுக்குகள் அமையும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வடுக்குகளை ஒழுங்குபடுத்தவே 14ஆம் பிரிவு எழுதப்பட்டது. ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, படத்தின் பொருளாதார உரிமைகளுக்கு மூல உடைமையாளர் தயாரிப்பாளரே. படத்தை வாங்கவோ ஒளிபரப்பவோ விரும்புபவர், நூறு பேரின் வீட்டு வாசலில் நில்லாமல் ஒருவரிடமே பேசி முடிக்கவேண்டும் என்னும் நடைமுறை நியாயமே இதற்கு அடிப்படை. யாருடைய பெயர் தயாரிப்பாளர் என்று வழமையான முறையிற் படத்திலே தோன்றுகின்றதோ, மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரே தயாரிப்பாளர் என்று நீதிமன்றம் கொள்ளும். ஆகவே படத்தின் தலைப்பிலே சில விநாடிகள் தோன்றி மறையும் அந்தப் பெயர்ப்பட்டியல், நாம் பொழுதுபோக்காய்ப் பார்த்துவிடும் அலங்காரமன்று. அது சட்டம் மதிக்கும் சாட்சி.

ஆயினும் தயாரிப்பாளரின் உரிமை மற்றெல்லாருடைய பாத்தியதையையும் விழுங்கிவிடுவதில்லை. கூட்டாகப் படைத்த ஆசிரியர்களும், படத்திற்கு ஆதாரமாயமைந்த முந்திய படைப்புகளின் ஆசிரியர்களும், தம் பங்கு படத்தினின்று பிரிந்து தனியே பயன்படக்கூடிய அளவுக்குத் தம்முடைய உரிமையைத் தம்மிடமே வைத்திருக்கின்றனர். செங்கை ஆழியான் அவர்களின் ‘வாடைக்காற்று’ நாவல், பிரேம்நாத் மொறாயஸ் அவர்களின் நெறியாள்கையில் 1978இல் படமாயிற்று. முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள் என்று இன்றைய சட்டம் வகுத்த கணக்கின்படி அப்படத்தின் காப்பு 2048 வரை நீடிக்கும். நாவலின் காப்போ, ஆசிரியர் 2016இல் மறைந்தமையால், ஆயுளும் அதற்குமேல் 70 ஆண்டுகளும் என்னும் கணக்கில் 2086 வரை நீடிக்கும். படம் எல்லாருக்கும் பொதுவுடைமையான பின்னரும், அந்நாவலை மறுபடி படமாக்க விரும்புபவர் ஆசிரியரின் சந்ததியாரிடமே அனுமதி பெறவேண்டியிருக்கும். ‘கோமாளிகள்’ வானொலி நாடகமாய் ஒலித்து, 1976இல் படமாகத் திரைக்கு வந்ததும் இத்தகைய இரட்டை வாழ்வே.

இந்தியாவிலே இவ்வுரிமையை நிலைநாட்டுவதற்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் நெடுங்காலம் போராடவேண்டியிருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம், கூலிக்கு அமர்த்தப்பட்ட இசையமைப்பாளரின் உரிமை தயாரிப்பாளரையே சேரும் என்று தீர்த்தது; அத்தீர்ப்போடு தனிக்குறிப்பு ஒன்றை எழுதிச் சேர்த்த நீதியரசர் கிருஷ்ணய்யர், கலைஞருக்கு நேர்ந்த குறையைச் சட்டமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அக்குறை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே பெருமளவு நீங்கியது. நடிகர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமது நடிப்பைத் திரைப்படத்திற் பதிவு செய்ய ஒருமுறை இணங்கிவிட்டால், நிகழ்த்துநர் என்ற முறையில் அவருக்குள்ள உரிமைகள் அங்கே ஓய்ந்துவிடுகின்றன என்பதே நம் சட்டத்தின் நிலைப்பாடு. இதனை உலகளவில் மாற்றும் நோக்குடன் 2012இல் எழுதப்பட்ட பெய்ஜிங் உடன்படிக்கை 2020இல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பொருளாதார உரிமையோடு தார்மிக உரிமையும் படைப்பாளருக்கு உண்டு. படைப்பிலே தன் பெயர் இடம்பெறவேண்டும் என்பதும், தன் மானத்துக்கும் கீர்த்திக்கும் ஊறு செய்யும்படி அதனைச் சிதைத்தலாகாது என்பதும் அதன் இரு கூறுகள். பெயரை இழப்பதன் துன்பத்தை நம் மண்ணிலேயே எடுக்கப்பட்ட படமொன்று உலகுக்குக் காட்டியது. டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’, கித்துல்கலையிலும் நம் கல்கிசை ஹோட்டலிலும் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்தது. அதன் திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். ஆனால் அமெரிக்காவிலே கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தின் பேரில் கறுப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டிருந்தமையால், அவர்கள் பெயர் படத்திற் போடப்படவில்லை. மூல நாவலாசிரியர் பியர் பூல் பெயரே திரையில் தோன்றியது. ஒஸ்கார் விருதும் அவருக்கே சென்றது. உண்மையில் எழுதியவர்களை அகாதெமி 1984இல் அங்கீகரித்தபோது வில்சன் இறந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. ஃபோர்மனும் அவ்வாண்டிலேயே மறைந்தார். அவர்கள் இழந்த புகழை எந்தப் பணமும் ஈடுசெய்திருக்காது. சிதைவைப் பற்றிய உதாரணம் பிரான்சிலிருந்து வருகின்றது. ஜோன் ஹியூஸ்டன் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘த அஸ்பால்ட் ஜங்கிள்’ படத்துக்கு, உரிமையை வாங்கிய நிறுவனம் கணினியினால் நிறமேற்றிப் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது. ஹியூஸ்டனின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தனர். படைப்பின் முழுமையைக் காக்கும் தார்மிக உரிமை அமெரிக்கருக்கும் பிரான்சிலே உண்டு என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது.

இவ்வுரிமைகளை மீறுவோருக்கு நம் சட்டத்திலே தண்டனையும் உண்டு. நீதவான் நீதிமன்றில் குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை அகப்பட்டால் அது இருமடங்காகும். தடையுத்தரவும் நட்டஈடும் வேண்டுவோர் வர்த்தக மேல் நீதிமன்றத்தை நாடலாம். விமர்சகர் ஒரு காட்சியை எடுத்துக்காட்டுவதும், ஆசிரியர் வகுப்பிலே ஒரு பகுதியை விளக்குவதும் நியாயமான பயன்பாடு என்று 11ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஆனால் தியேட்டரிலே திருட்டுத்தனமாய்ப் பிடித்த படத்தை இறுவட்டிலேற்றிக் காலி வீதியோரத்தில் விற்றதும், அதனை நாம் மலிவென்று மகிழ்ந்து வாங்கியதும் எந்த நியாயத்தினுள்ளும் அடங்கா. வெளிநாட்டுப் பெரும் படத்துக்கு அது சிறு நட்டமாயிருக்கலாம்; நகைகளை அடகுவைத்துப் படமெடுக்கும் உள்ளூர்த் தமிழ்க் கலைஞனுக்கு அது மரண அடி.

நண்பர்களே, இதுவரை கூறியது சட்டம் தரும் காப்பு. இனிக் கூறப்போவது, அச்சட்டத்தால் தர முடியாத காப்பு. பதிப்புரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமை. படைப்பை அழியாமற் பேணும் வல்லமை அதற்கு இல்லை. 1983 ஜூலை இனக்கலவரத்திலே, கே. குணரத்தினம் அவர்களின் ஹெந்தலை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாக்கப்பட்டபோது, அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் வெந்து சாம்பராயின. அப்படங்களின் உரிமை சட்டப்படி அன்றும் உயிரோடிருந்தது. உரிமைக்குப் பொருளான படங்கள்தாம் இல்லாமற் போயின. தீ தீண்டாத சுருளும் தானாகவே அழியும். அசிற்றேற்றுச் சுருள் இருக்கும் தகரப் பெட்டியை நம் கடற்கரைச் சூட்டிலும் ஈரத்திலும் சில ஆண்டுகள் வைத்துத் திறந்து பாருங்கள்: முதலில் வினாகிரி மணம் மூக்கைத் துளைக்கும், பின்பு சுருள் சுருங்கி, ஓரம் நெளிந்து, எறிகருவியின் பற்களிற் பொருந்தாது போகும், ஈற்றிலே படலம் உரிந்துவிடும்.

அழிவுக்குத் தப்பி ஒரு பிரதி கிடைத்தாலும், அனுமதி தரவேண்டியவர் யார் என்பது தெரியாமற் போகின்றது. சட்டம் தயாரிப்பாளர் ஒருவரின் கையிலே உரிமையை வைத்தது. அந்தக் கையோ யுத்தத்தால் இடம்பெயர்ந்தது, கடல் கடந்தது, அல்லது மறைந்தது. அவருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இலண்டனிலும் சிதறி வாழ்கின்றனர். தந்தை ஒரு படம் எடுத்தார் என்று அறிவார்களேயன்றி, அதன் உரிமை தமக்கு வந்திருக்கின்றது என்பதைப் பலர் அறியார். உடைமையாளரைத் தேடியும் காணமுடியாத இத்தகைய அநாதைப் படைப்புகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தனிச்சட்டம் இயற்றி, உண்மையாய்த் தேடியும் பயனின்றேல் சுவடிக்கூடங்களும் நூலகங்களும் அவற்றை எண்ணிமப்படுத்தி மக்களுக்குக் காட்டலாம் என்று வழிசெய்தது. நம் சட்டத்திலே அத்தகைய ஏற்பாடு இல்லை. பேண விரும்புபவர் குற்றவாளியாகும் அச்சத்தால் கைகட்டி நிற்க, படம் அழிந்துகொண்டே போகின்றது.

காணி வாங்கும்போது நம்மவர் எவ்வளவு ஜாக்கிரதையாய் நடந்துகொள்கின்றனர்! முதுசமா, சீதனமா, கொள்வனவா என்று கேட்டு, உறுதிகளை ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கிப் பார்த்து, நொத்தாரிசு திருப்தியடைந்த பின்னரே கையொப்பமிடுவர். அந்த ஜாக்கிரதையிற் பத்தில் ஒரு பங்கைத்தானும் நம் கலைப்படைப்புகளுக்கு நாம் காட்டவில்லை. பொருளாதார உரிமையை உடன்படிக்கை மூலம் மாற்றுவதாயின் அது எழுத்தில் அமைந்து கையொப்பம் பெறவேண்டும் என்று சட்டம் கூறியிருக்க, வாய்ப்பேச்சிலும் நட்பிலுமே நம் படங்கள் பிறந்து வந்திருக்கின்றன.

ஆதலின் மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகின்றேன். முதலாவது, குறும்படமாயினும் கல்யாண வீடியோவாயினும், கமராவைத் தூக்குமுன் ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள்: தயாரிப்பாளர் யார், கதை யாருடையது, பாட்டு யாருடையது, எந்த உரிமையை எவ்வளவு காலத்துக்கு யார் யாருக்குக் கொடுக்கின்றார்கள் என்பதை. உழைத்த ஒவ்வொருவர் பெயரையும் படத்தின் தலைப்பிலே இடுங்கள். ஊதியம் கொடுக்க இயலாத இடத்திலும் பெயரைக் கொடுக்க இயலும். இரண்டாவது, பழைய படங்களின் தயாரிப்பாளருடைய, நெறியாளருடைய, எழுத்தாளருடைய குடும்பத்தார் இச்சபையில் இருந்தால், வீட்டிலுள்ள சுருளையும் கசெற்றையும் ஒப்பந்தக் கடிதத்தையும் குப்பையென்று வீசாதீர்கள். ‘நூலகம்’ நிறுவனம் 2005 முதலாக நம் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிலே பேணி வருவதை அறிவீர்கள். அதுபோன்ற பொது நிறுவனங்களுக்கு எழுத்திலே அனுமதி கொடுத்து, ஒரு பிரதியன்றிப் பல பிரதிகளாய், ஓர் ஊரிலன்றிப் பல ஊர்களிலே வைக்கச் செய்யுங்கள். மூன்றாவது, அநாதைப் படைப்புகளைப் பேணுவதற்கு வழிசெய்யும் திருத்தம் ஒன்றைப் பாராளுமன்றத்திடம் நாம் கேட்கவேண்டும். சிங்களக் கலைஞரும் இதே இழப்புக்கு ஆளானவர்கள். விஜயா ஸ்ரூடியோவில் எரிந்தவற்றுள் அவர்கள் படங்களும் அடங்கும். இக்கோரிக்கையை இரு மொழியாரும் ஒருங்கே எழுப்புவதே முறை.

திரைப்படம் யாருடைய பொருள் என்று தொடக்கத்திற் கேட்டோம். பொருளாதார உரிமையாற் தயாரிப்பாளருடையது. பங்களிப்பால் எழுத்தாளருடையது, இசைவாணருடையது. தார்மிக உரிமையாற் படைத்தோர் அனைவருடையது. தவணை முடிந்தபின் மக்கள் யாவருடையது என்று சட்டம் படிமுறையாய் விடை கூறுகின்றது. அந்த இறுதி உடைமையாளர்களாகிய நம் பேரப்பிள்ளைகளின் கைக்கு ஏதேனும் ஒன்று சென்று சேரவேண்டுமாயின், 2048ஆம் ஆண்டிலே ‘வாடைக்காற்று’ பொதுவுடைமையாகும்போது பார்க்கத்தக்க ஒரு பிரதியாவது இந்நாட்டில் இருக்கவேண்டும். அதனை இருக்கச் செய்வது நீதிமன்றத்தின் வேலையன்று. அது இந்தத் தலைமுறையின் கடன்.